வகுப்பைப் பார்வையிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆசிரியர் பயிற்சித் துறைக்குப் புதிதாக வரும் பேராசிரியர்களைக் கவனிக்கிறேன். நாங்கள் சேர்ந்த காலத்தில் செய்த அதே கோளாறுகள்தான். நேரத்துக்குப் போவது, பதிவேட்டை நிரப்புவது எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறைகளைப் பட்டியலாக வாசிப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆசிரியராகப் பயிலும் பயிற்சி மாணவி ஒருவர் பள்ளியில் பின்னக் கூட்டல் நடத்தினார். பின்வரிசையில் இருந்த பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதிவிட்டார்: குரல் எடுபடவில்லை, பலகையில் எழுத்து சாய்கிறது, பாடக்குறிப்பில் நோக்கம் தெளிவில்லை. மணி அடித்ததும் வராந்தாவில் நிறுத்தி அத்தனையையும் வாசித்தார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த முறை குரலை மட்டும் உயர்த்தி, அதே மாதிரி நடத்தினார். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டிப் பிள்ளைகள் 2/5 என்று எழுதியிருந்தார்கள். நடத்தியவரும் பார்க்கவில்லை, குறிப்பெடுத்தவரும் பார்க்கவில்லை!

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் 1963-ல் தொடங்கிய நுண்நிலைக் கற்பித்தலைத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு திறன், நான்கைந்து மாணவர்கள், சில நிமிடங்கள், பின்னூட்டம். அப்புறம் பாடத்தைத் திருத்தி மறுபடி நடத்த வேண்டும். அந்த மறுகற்பித்தல்தான் முறைக்கு உயிர். நேரமில்லை என்றதும் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. பதிவேட்டில் மட்டும் அந்தக் கட்டம் தேதியோடு நிரம்பியிருக்கும்.

ஆகவே, ஒரே ஒரு குறையைப் பிடியுங்கள்; பிள்ளைகளின் நோட்டில் தெரிகிற குறையாக இருக்கட்டும். நீங்கள் பேசுவதற்கு முன், “எந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் புரியாமல் போனது?” என்று பயிற்சி மாணவரைக் கேளுங்கள். பிறகு அந்த இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் உங்கள் முன்னாலேயே திரும்ப நடத்தச் சொல்லுங்கள். சாய்ந்த எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றும் தெரியாதவர் என்று நினைப்பது

பயிற்சிக்கு வருகிறவர் பள்ளி வாழ்க்கை முழுக்க ஆசிரியர்களைப் பார்த்தே வளர்ந்தவர். கல்விச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே இதை எழுதிவிட்டார். பலகைக்கு முன் நின்றதும் பயிற்சி மாணவரின் பழைய ஆசிரியர்தான் அவருக்குள்ளிருந்து பேசுவார். யார் அந்த ஆசிரியர், எப்படி நடத்துவார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சொல்வதை நாமே செய்யாதிருப்பது

கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியாவது காத்தால் பதில்கள் நீளமாக வருகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். இதையே விரிவுரையாக நடத்தி, “புரிந்ததா?” என்று கேட்ட மூச்சிலேயே அடுத்த ஸ்லைடுக்குத் தாவுகிறோம்.

வழிகாட்டி ஆசிரியரிடம் பேசாதிருப்பது

நீங்கள் குழுவாக உட்கார வையுங்கள் என்பீர்கள். பள்ளியில் அந்த வகுப்புக்குப் பொறுப்பான வழிகாட்டி ஆசிரியர் பாடத்தை முடி என்பார். நடுவில் மாட்டுவது பயிற்சி மாணவர்.

திணறுகிறவரைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பது

முதல் வாரமே போய்ப் பாருங்கள். மதிப்பெண் தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.