டூல் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு: வேலையைத் தானியங்கியாக்கத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியான செய்முறை

போன தீபாவளிக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 64 பிள்ளைகள். "ஃபீஸ் கேட்டு மெசேஜ் அனுப்பியே ராத்திரி பத்து மணி ஆயிடுதுடா. அதுக்கு ஒரு ஆப் போட்டுக் குடு" என்றாள். வருடச் சந்தா கட்டும்படியான ஒரு மென்பொருளின் விளம்பரத்தையும் எடுத்து வைத்திருந்தாள்.

அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து தொடங்கி என்னென்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுடையது தையல் கடையாக இருக்கலாம், பல் மருத்துவமனையாக இருக்கலாம், வீட்டிலிருந்து செய்யும் கேக் வியாபாரமாக இருக்கலாம். வரிசை இதுதான்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை முறை, ஒரு முறைக்கு எத்தனை நிமிடம். வேலை முடிந்த உடனே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் எது எரிச்சல் தந்ததோ அதுதான் பெரிதாகத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். ஃபீஸ் நினைவூட்டல்: 64 பேரில் ஏறக்குறைய 40 பேர் தாங்களாகவே கட்டிவிடுகிறார்கள். மீதி 24 பேருக்கு இரண்டு சுற்று, ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 நிமிடம். வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல்: தினம் நான்கு பேர், 2 நிமிடம் வீதம் 26 நாளைக்கு 208 நிமிடம். அப்புறம் ஒரு வரி, அவள் வேலை என்றே நினைக்காமல் எழுதியது: "புதுசா கேக்குறவங்களுக்குப் பதில்". என்ன டைமிங், ஃபீஸ் எவ்வளவு, எந்தத் தெரு, இங்கிலீஷ் மீடியம் உண்டா. தினம் எட்டுப் பேர், ஆளுக்கு 3 நிமிடம். மாதத்துக்கு 624 நிமிடம், பத்து மணி நேரத்துக்கும் மேல்.

ஃபீஸ் மென்பொருளுக்குப் பணம் கட்டியிருந்தால் பெரிய வேலை அப்படியே இருந்திருக்கும். பணம் கேட்பது மனதுக்குச் சங்கடமான வேலை, அதனால்தான் அது நீளமாகத் தெரிந்தது.

படி 2: வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்

"இது நடந்தால், அது நடக்க வேண்டும்" என்ற வடிவத்தில் ஒவ்வொரு வேலையையும் சொல்லிப் பாருங்கள். எந்த ஆட்டோமேஷன் மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே இந்த வாக்கியம்தான் இருக்கும். முதல் பாதியை ட்ரிகர் என்பார்கள், இரண்டாம் பாதியை ஆக்‌ஷன் என்பார்கள்.

"புதிதாக ஒருவர் டைமிங் கேட்டால், இந்தப் பதிலை அனுப்ப வேண்டும்." சரி, இதைக் கருவியிடம் கொடுக்கலாம்.

"ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால்..." இங்கே அக்கா நிறுத்திவிட்டாள். ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, ஒரு பிள்ளைக்குக் கணக்கு என்றால் பயம். ஒவ்வொன்றுக்கும் வேறு பேச்சு. இரண்டாம் பாதியை உங்களால் முடிக்க முடியவில்லை என்றால் அந்த வேலையைத் தொடாதீர்கள். அது போன் எடுத்துப் பேச வேண்டிய வேலை.

படி 3: கையில் இருப்பதைத் திறந்து பாருங்கள்

புதுக் கருவி தேடுவதற்கு முன், ஏற்கெனவே பயன்படுத்துவதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால், கடைசியாகக் காப்பி செய்த பலவற்றின் பட்டியல் வரும். முதல் தடவை அதை இயக்க அனுமதி கேட்கும். தினமும் கணினியில் வேலை பார்த்தும் இது தெரியாமல் இருப்பவர்கள் அதிகம்.

அக்கா சாதாரண வாட்ஸ்அப்தான் வைத்திருந்தாள். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். ஒரே எண்ணை இரண்டு ஆப்பிலும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் சாட் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இதைச் செய்யுங்கள்:

1. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு பிசினஸ் டூல்ஸ் பகுதிக்குப் போங்கள்.
2. குயிக் ரிப்ளைஸ் என்பதைத் திறந்து, கூட்டல் குறியைத் தொடுங்கள்.
3. முழுப் பதிலையும் எழுதுங்கள். படமும் சேர்க்கலாம். அக்கா, தெரு முனையிலிருந்து மாடிப்படி தெரியும்படி எடுத்த ஒரு போட்டோவைச் சேர்த்தாள்.
4. ஷார்ட்கட் என்ற இடத்தில் 'ஃபீஸ்', 'டைம்' போன்று ஒரு சின்ன வார்த்தை கொடுத்துச் சேமியுங்கள்.

இனி சாட்டில் சாய்கோடு ஒன்றைத் தட்டினால் பட்டியல் வரும். தேவையானதைத் தொட்டால் முழுப் பதிலும் பெட்டியில் வந்து உட்காரும். அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை மாற்றவும் செய்யலாம். இப்படி 50 பதில்கள் வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வைத்தது ஆறுதான். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்பும் தகவலும் அந்த ஆறில் ஒன்று.

அதே பகுதியில் கிரீட்டிங் மெசேஜ், அவே மெசேஜ் என இரண்டு உண்டு. முதலாவது, புதிதாக எழுதுபவர்களுக்கும் 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுபவர்களுக்கும் தானாகப் போகும். இரண்டாவது, நீங்கள் குறித்த நேரத்தில் மட்டும் போகும். பாடம் நடக்கும் மாலை 5 முதல் 8 வரை "வகுப்பு நடக்கிறது, 8 மணிக்கு மேல் பதில் சொல்கிறேன்" என்று வைத்தோம். பாடத்தின் நடுவே போனை எடுப்பது நின்றுவிட்டது. எனக்கு இதில் மிகப் பெரிய பலனாகத் தெரிவது இதுதான்.

படி 4: விவரங்கள் ஒரே இடத்தில்

ஃபீஸ் விஷயத்துக்கு வருவோம். சேர்க்கை விவரம் ஒரு டைரியில், ஃபோன் எண் போனில், கட்டிய பணம் இன்னொரு நோட்டில் என்று இருந்தால் எந்தக் கருவியாலும் உதவ முடியாது. முதலில் கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு சேர்க்கைப் படிவம் செய்தோம். பிள்ளை பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், வாட்ஸ்அப் எண், சேர்ந்த தேதி. இதற்கு மேல் கேட்க வேண்டாம்.

எண் கேட்கும் கேள்வியில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கேள்வியின் கீழ் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ரெஸ்பான்ஸ் வாலிடேஷன் எடுத்து, நம்பர், பிட்வீன் என்று தேர்ந்தெடுத்து 6000000000, 9999999999 என்று கொடுங்கள். நம் நாட்டு மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும். ஒரு இலக்கம் விட்டுப்போனால் படிவம் அங்கேயே தடுத்துவிடும்.

பிறகு ரெஸ்பான்சஸ் பகுதியில் லிங்க் டு ஷீட்ஸ் அழுத்தினால், நிரப்பப்படும் படிவம் ஒவ்வொன்றும் ஒரு கூகுள் ஷீட்டில் வரிசையாக விழும். அந்தப் பக்கத்திலேயே ஃபீஸ் கணக்கு எழுதாதீர்கள். புதுப் பதில் வரும்போது புது வரி செருகப்படுவதால், பக்கத்தில் நீங்கள் போட்டு வைத்த ஃபார்முலா அந்த வரிக்கு வராமல் போகலாம். தனியாக ஒரு பக்கம் திறந்து, பெயரையும் எண்ணையும் அங்கே காப்பி செய்துகொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் சேர்வதற்குக் காப்பி செய்வதே போதும்.

அந்தப் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு பத்தி. இன்சர்ட் மெனுவில் செக்பாக்ஸ் எடுத்து நிரப்புங்கள். பணம் வந்ததும் டிக். டேட்டா மெனுவில் ஃபில்டர் போட்டு, அந்த மாதப் பத்தியில் ட்ரூ (டிக் போட்டவை) என்பதை எடுத்துவிட்டால் கட்டாதவர்கள் மட்டும் தெரிவார்கள்.

இப்போது செய்தி. வாட்ஸ்அப்பில் கிளிக் டு சாட் என்ற வசதி உண்டு. எண்ணையும் செய்தியையும் சேர்த்து ஒரு இணைய முகவரி எழுதினால், அதைத் தொட்டதும் அந்த நபரின் சாட் திறந்து செய்தி தயாராக நிற்கும். முகவரியின் அமைப்பு வாட்ஸ்அப் உதவிப் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள். ஷீட்டில் ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவுக்குள் அந்த முகவரியை வைத்து, எண் இருக்கும் கட்டத்தையும் செய்தி இருக்கும் கட்டத்தையும் அதோடு இணைக்க வேண்டும். கவனிக்க இரண்டு உண்டு. எண்ணுக்கு முன்னால் 91 இருக்க வேண்டும், கூட்டல் குறி கூடாது. தமிழ்ச் செய்தியை என்கோட் யூஆர்எல் (ENCODEURL) என்ற ஃபார்முலாவுக்குள் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியும் வரிப் பிரிவும் முகவரியைக் குலைத்துவிடும்.

ஒரு வரிக்கு எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் 64 வரிக்கும் லிங்க் வந்துவிடும். தொட வேண்டியது, அனுப்ப வேண்டியது, அவ்வளவுதான். 24 பேருக்கு ஒரு சுற்று பத்து நிமிடத்துக்குள் முடிகிறது.

அனுப்பும் பொத்தானைக்கூடத் தானாக அழுத்த வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே நொடியில் எல்லோருக்கும் அனுப்பித் தருவதாகச் சொல்லும் அங்கீகாரமற்ற மென்பொருள்கள் வாட்ஸ்அப் விதிகளுக்கு எதிரானவை. எண்ணையே முடக்கிவிடுவார்கள். பத்து வருடமாக ஊருக்குத் தெரிந்த எண்ணை அப்படி இழக்கக் கூடாது. அதிகாரபூர்வ வழி வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம். அதில் செய்தி வார்ப்புக்கு (டெம்ப்ளேட்) வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பவர்களுக்கு அது சரி.

படி 5: இதுவும் போதவில்லை என்றால்

அப்போதுதான் இணைப்புக் கருவிகள் பக்கம் போக வேண்டும். ஸேப்பியர், மேக், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ஸோஹோ ஃப்ளோ எல்லாம் இந்த வகை. ஒரு ஆப்பில் ஏதாவது நடந்தால் இன்னொரு ஆப்பில் ஒன்றைச் செய்யும். பதிவு செய்வதற்கு முன் விலைப் பக்கத்தில் எதை எண்ணிக் காசு கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஸேப்பியர் செய்து முடிக்கும் ஒவ்வொரு செயலையும் ஒரு டாஸ்க் என்று கணக்கிடும். இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100 டாஸ்க். அக்காவுக்கு வரும் விசாரணை மாதத்துக்கு 208. பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். படி 1-இல் எழுதிய எண் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. இந்தத் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பதிவு செய்யும் அன்றைய விலையைப் பாருங்கள்.

எதனோடும் இணையாத பழைய கணக்கு மென்பொருளில் எக்ஸெல் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறீர்கள் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். 2021 மார்ச் முதல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. நீங்கள் செய்யும் கிளிக்கையும் தட்டச்சையும் பதிவு செய்து திரும்பச் செய்யும்.

கூகுள் ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில், சின்ன நிரல் எழுதி ஓடவிடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. நேரம் குறித்து மெயில் அனுப்ப வைக்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்கு அனுப்பலாம், 64 வீட்டுக்குத் தாராளம். எனக்கு இதைச் செய்யத்தான் ஆசை. ஆனால் அக்கா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்: "யாருடா மெயில் பாக்குறா?" கருவியின் மறுமுனையில் இருப்பவர்கள் எதைத் திறக்கிறார்களோ அங்கே போகாத செய்தியால் யாருக்கும் பயனில்லை.

படி 6: இரண்டு வாரம் இரண்டும் ஓடட்டும்

புது முறை வந்ததும் பழைய நோட்டை மூடிவிடாதீர்கள். முதல் மாதமே ஒரு தவறு நடந்தது. ஒரு அம்மா முந்தின நாள் மாலை ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டிக் போடவில்லை. மறுநாள் அவருக்கு நினைவூட்டல் போய்விட்டது. மிகவும் வருத்தப்பட்டார். அக்கா நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். பணத்தை வாங்கிப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே போனில் ஷீட்டைத் திறந்து டிக் போட வேண்டும். லிங்க்கைத் தொடும் முன் நோட்டோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். செய்தியின் கடைசியிலும் "ஏற்கெனவே கட்டியிருந்தால் தெரியப்படுத்துங்கள்" என்று சேர்த்தோம்.

படி 7: பூட்டு

ஷீட்டில் இருப்பது பிள்ளைகளின் பெயரும் வீட்டு எண்களும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்கள் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு கேட்கிறது. ஷேர் பொத்தானை அழுத்தி, லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்று இருந்தால் ரெஸ்ட்ரிக்டட் என மாற்றுங்கள். கூகுள் கணக்குக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். புதிதாக எந்தக் கருவியை இணைத்தாலும் அது கேட்கும் அனுமதிகளை நிதானமாகப் படியுங்கள். ஷீட்டை மட்டும் தொட வேண்டிய கருவி உங்கள் மெயில் முழுவதையும் படிக்க அனுமதி கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஃபைல் மெனுவில் டவுன்லோட் கொடுத்து எக்ஸெல் வடிவில் ஒரு பிரதி எடுத்து பென்டிரைவில் வையுங்கள். இப்படி எடுத்துக்கொண்டு வெளியே போக வழியில்லாத மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பரீட்சை மதிப்பெண் அறிக்கைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, வருடத்துக்கு மூன்று தடவை. அதைக் கையாலேயே எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். மே கடைசி வாரத்துக்குப் போனில் ஒரு அலாரம் வைத்திருக்கிறாள்: ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்து டிக்குகளை நீக்க வேண்டும், பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் வரிகளை அழிக்க வேண்டும், குயிக் ரிப்ளையில் புது வருட ஃபீஸை மாற்ற வேண்டும்.