செங்கல் பாதையில் உப்புத் தூவுமுன்

டொரொன்டோ பக்கம் பனி வடிந்ததும் பல வீட்டு வாசல்களில் செங்கல்லின் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடக்கும். பழியெல்லாம் உப்பின் தலையில் விழும். உண்மையில் கல்லை உடைப்பது அதன் துளைகளில் ஊறிய தண்ணீர். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து தோலைத் தள்ளிவிடுகிறது. உப்பு அதற்குத் துணை போகிறது: பகலில் பனியை உருக்கிக் கல்லுக்குள் இறக்கும், ராத்திரி குளிர் ஏறியதும் அது மறுபடி உறையும். கல்லுக்குள்ளேயே உப்புப் பூத்தும் தோல் கழலும்.

அதனால் முதல் வேலை ஷவலுக்குத்தான். பனி மிதிபட்டு இறுகுமுன் தள்ளிவிட்டால் உப்பே பாதி நாள் தேவைப்படாது. பிளாஸ்டிக் விளிம்புள்ள ஷவல் போதும். இரும்பு விளிம்பு கல்லின் முனையைச் சில்லாக்கும். ஸ்னோபுளோயர் (பனி வாரும் இயந்திரம்) என்றால் சுரண்டும் தகடு தரையிலிருந்து அரை அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

ராக் சால்ட் என்னும் கல்லுப்பு மலிவு. ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. உருகவில்லையே என்று மேலும் மேலும் கொட்டுவதில்தான் கல் கெடுகிறது. அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு சரி, குறைவாகவே போதும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது அதன் குறை. கல்லுக்கும் சிமென்ட் பூச்சுக்கும் சாதுவானது கால்சியம் மக்னீசியம் அசிடேட். விலை அதிகம், மைனஸ் 7 வரைதான் தாங்கும். அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த எதுவும் வேண்டாம், சிமென்ட்டை அரித்துவிடும்.

500 சதுர அடிக்கு ஒரு காபி மக், அதாவது சுமார் 350 கிராம் உப்புப் போதும். ஓர் உப்பு மணிக்கும் அடுத்த உப்பு மணிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி தெரிய வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் ஐஸ் அடியில் விட்டுக்கொடுக்கும். உடனே அந்தக் கூழை அள்ளி அப்புறப்படுத்துங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், கல்லைக் காப்பாற்றுவதும் இதுதான். கடுங்குளிரில் உப்பை விட்டுச் சொரசொரப்பான மணல் தூவலாம். பூனை மண் நனைந்தால் சேறாகி வழுக்கும். கொதிநீர் ஊற்றவே கூடாது.

வசந்தத்தில் முதலில் உலர்ந்த நைலான் பிரஷ்ஷால் கல்லின் மேல் பூத்த வெள்ளை உப்பைத் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள், பிறகு சாதாரண ஹோஸ் தண்ணீர். கம்பிப் பிரஷ் துருக்கறை விடும். பிரஷர் வாஷர் கற்களுக்கு இடையிலுள்ள இடுக்கு மணலைப் பிடுங்கிவிடும். மணல் போன இடுக்கை அப்போதே நிரப்பிவிடுங்கள். கூரைக் குழாய் பாதையில் கொட்டினால் திருப்பி விடுங்கள். பாதைக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருக்க வேண்டும்.

சீலர் (தண்ணீர் ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடிப்பதானால் கோடையில், கல் நன்றாக உலர்ந்த பின், படலம் போடாமல் கல்லுக்குள் ஊறும் சிலேன்-சிலாக்ஸேன் வகை. பளபளவென்று படலம் போடும் அக்ரிலிக் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், தோல் முன்னைவிட வேகமாக உரியும். பெயர்ந்த கல்லை மாற்றும்போது சுவர் கட்டி மிஞ்சியதை வைக்காதீர்கள். உறைபனி தாங்கும் எஸ்எக்ஸ் தரத் தளக்கல்லாகக் கேட்டு வாங்குங்கள்.