தங்கம் கலந்த கண்ணாடி: சூட்டில் நடக்கும் தவறுகள்

தங்க நானோ துகள் கண்ணாடி (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தங்கத் துகள்களால் சிவக்கும் கண்ணாடி) செய்யப் பழகுபவர்கள், சிவப்பு போதவில்லை என்றதும் தங்கத்தைக் கூட்டிவிடுகிறார்கள். காசுதான் கரையும். எடையில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான தங்கமே மாணிக்கச் சிவப்புக்குப் போதும். பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிப் பாத்திரமான லைகர்கஸ் கிண்ணத்தில் தங்கம் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்குதான். அதோடு கொஞ்சம் வெள்ளியும் உண்டு. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு!

நிறத்தை முடிவுசெய்வது சூடுதான். உருக்கி ஊற்றி வேகமாக ஆறவிட்ட கண்ணாடி பளிச்சென்று நிறமில்லாமல் வரும். கலவை தவறிவிட்டது என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தங்கம் உள்ளேதான் இருக்கிறது, இன்னும் துகளாகத் திரளவில்லை, அவ்வளவே. கண்ணாடியின் வகையைப் பொறுத்து 500 முதல் 650 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடேற்றினால் அணுக்கள் சேர்ந்து சில பத்து நானோமீட்டருக்குள் துகளாகும். அவை 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்குவதால் சிவப்பு தெரிகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று உலையிலேயே விட்டால் துகள்கள் பெருத்து ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி ஈரல் நிறத்தில் கலங்கிவிடும். அப்புறம் அதை மீண்டும் உருக்குவதைத் தவிர வழியில்லை. ஒரே வார்ப்பிலிருந்து ஒரே தடிமனில் சில துண்டுகளை வெட்டி உலையில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வெளியே எடுத்து, எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் பாருங்கள். உறிஞ்சல் முகடு, அதாவது ஒளி அதிகமாக உறிஞ்சப்படும் இடம், அகலமாகிச் சிவப்புப் பக்கம் நகரத் தொடங்கினால், அதற்கு முந்தைய துண்டின் நேரமே உங்களுக்கானது. கண்ணை மட்டும் நம்பினால் தடிமன் ஏமாற்றும். கலவையில் சிறிது வெள்ளீய ஆக்சைடும் இருக்கட்டும்; தங்கம் கட்டியாகச் சேராமல் அது காக்கும்.

வெள்ளியை அயனிப் பரிமாற்றத்தால், அதாவது கண்ணாடியை வெள்ளி கலந்த உருகிய நைட்ரேட் உப்புக் குளியலில் இறக்கி அதன் சோடியம் அயனிகளின் இடத்தில் வெள்ளியை, ஏற்றுபவர்கள் தவறவிடுவது வேறு. ஜன்னல் கண்ணாடியின் ஒரு முகம் தயாரிப்பின்போது உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்தது. அந்த முகத்தில் வெள்ளி சீக்கிரமே மஞ்சளாகிவிடும். ஒளியலை வழிகாட்டி (ஒளியைக் கண்ணாடிக்குள்ளேயே நடத்திச் செல்லும் பாதை) செய்ய நினைத்தால் ஒளி அதிலேயே வீணாகும். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் வெள்ளீய முகம் பால்போல் மங்கலாக ஒளிரும். கண்ணாடியைக் குளியலில் இறக்குமுன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பார்த்துக் குறித்துவிடுங்கள். உருகிய நைட்ரேட் பக்கம் துணி, எண்ணெய், மரக்குச்சி எதுவும் வரவே கூடாது, தீப்பிடித்துவிடும்.