பழைய ஜீப்புக்கு வேறு இன்ஜின்: பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய மகிந்திரா சிஜே3பி ஜீப் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன இன்ஜின் போடலாம்?" அதைக் கடைசியில் கேளுங்கள். கிடைத்த இன்ஜினை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் கியர்பாக்ஸ், கிரௌன் (ஆக்சில் நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரம்), ஆக்சில் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் வண்டி பட்டறையை விட்டு வெளியே வராது.

படி 1: ஆர்சி புக்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் என்றால், நட்டு கழற்றும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். "புரோக்கர் பார்த்துக்குவார்" என்பது அனுமதி ஆகாது.

வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டதா? 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், இன்ஜினிலோ சேசிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்த வண்டியை ஏற்பதில்லை. அந்த வண்டியில் இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினையே பிரித்து, போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து) ஓட்டுங்கள் என்பேன்.

படி 2: கிரௌன் விகிதத்தை அளந்து பாருங்கள்

சிஜே3பியின் கம்பெனி விகிதம் 5.38. அதாவது கிரௌன் ஒரு முறை சுற்ற, ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரோப்பல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று தெரியாது, அளந்துவிடுவதே நல்லது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை கொடுங்கள். இந்த ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத்தரும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் கைபிரேக்கால் வண்டியை நிறுத்திவைக்க முடியாது. கியரில் போட்டு வைத்தாலும் அதே கதைதான். கட்டைதான் காவல்.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். கியர் நியூட்ரல், கைபிரேக் விடுவித்த நிலை. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரோப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்றது தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் கிரௌன் ஒரு முறை சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றும், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதலாகவும் சுற்றினால் அது 5.38.

படி 3: கணக்கு

28 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.23 மீட்டர் ஓடும். 80 கிமீ வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 597 சுற்று. அதை 5.38ஆல் பெருக்கினால், டாப் கியர் 1:1 என்பதால் இன்ஜின் 3200 ஆர்பிஎம்மில் ஓடும். மகிந்திராவின் 'தார் டிஐ' ஜீப்பில் வந்த 2523 சிசி டீசல் தன் முழுச் சக்தியைத் தருவதே 3200இல்தான். அதாவது நெடுஞ்சாலை முழுக்க அது கத்திக்கொண்டே வரும். கிரௌனை 4.27 ஆக்கினால் அதே வேகத்துக்கு 2550 போதும்.

அதற்கு ஒரு விலை உண்டு. இந்த ஜீப்பின் டி90 மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மேடேற உதவும் மெதுவான கியர்) 2.46, கிரௌன் 5.38: பெருக்கினால் 37. கிரௌன் 4.27 என்றால் 29தான் மிஞ்சும், பாறை ஏறும்போது கிளட்ச் வாசனை வரும். காடு மேடு அதிகமா, தார் ரோடு அதிகமா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் 5.38ஐ வைத்துக்கொண்டு ஓவர்டிரைவ் (இன்ஜினை விட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் டாப் கியர்) உள்ள ஐந்து கியர் பெட்டியைத் தேடுங்கள்.

படி 4: ஷாஃப்ட் எந்தப் பக்கம்?

இந்த ஜீப்பில் இருக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் முன், பின் இரண்டு ஷாஃப்டும் வலப்பக்கம் ஒதுங்கியே வரும். கிரௌன் உட்காரும் டிஃபரன்ஷியலும் அதே பக்கம்தான். நடுவில் ஷாஃப்ட் வரும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கொண்டுவந்தால் பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டிவரும். அடாப்டர் (இரண்டு பெட்டிகளையும் பொருத்தும் இணைப்புத் தகடு) போட்டு ஸ்பைசரையே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள்.

படி 5: இப்போது இன்ஜின்

ஹரிக்கேன் சுமார் 155 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். டர்போ உள்ள டிஐ 195. லோ ரேஞ்ச் முதல் கியரில் 37 மடங்காகி அது 7200 நியூட்டன் மீட்டரைத் தொடும், பழையது 5700தான். சிஜே3பியின் பின் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தின் ஹப்பில் டேப்பராக (நுனி குறுகிய கூம்பாக), வழுக்காமல் பிடிக்கும் சாவி என்ற இரும்புத் துண்டோடு உட்காருவது. கூடுதல் அடியை வாங்குவது அந்தச் சாவியும் டேப்பரும்தான்.

புதிதாக இறங்குபவர்கள் மகிந்திராவே ஜீப்களில் போட்ட இன்ஜின்களுக்குள் நிற்பது நல்லது. 2112 சிசி பூஷோ டீசல் இலகு, உயர் ஆர்பிஎம்மிலும் ஓடும். 2523 டிஐ பட்டறையில் எளிதாகப் பிரித்து மாட்டக்கூடியது, பாகமும் கிடைக்கும். 105 குதிரைத்திறன் சிஆர்டிஇ (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசல்) ஆசையைத் தூண்டும்தான். ஆனால் அதற்கு இசியூ (இன்ஜின் கணினி), முழு வயரிங், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒரு சென்சர் விட்டுப்போனால் ஸ்டார்ட்டே ஆகாது.

இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் டேப்போடு போங்கள். சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) முன் ஆக்சிலில் இடிக்காமல் இருக்க, ஸ்பிரிங் பட்டை முழுதாக அமுங்கிய நிலையில் அளந்து பாருங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு ஸ்டியரிங் பக்கம் வருகிறதா, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடைவெளி உண்டா, ஃப்ளைவீல் பெல் ஹவுசிங்குக்குள் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) அடங்குமா, கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் அளவு என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெல் ஹவுசிங் அடாப்டரை லேத்தில் கடையும்போது மையம் துளி விலகினாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் சீக்கிரமே போய்விடும். அந்த வேலையை டயல் கேஜ் வைத்து அளக்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.