வன்னியில் நீச்சல் தடாகம் கட்ட ஆள் பிடிக்கும் முன்

கனடாவில் இருக்கும் எங்கள் பெரியண்ணா, பிள்ளைகளோடு வந்து நிற்கும்போது நீந்த வேண்டும் என்று கிளிநொச்சி வட்டக்கச்சி வீட்டின் பின்வளவில் ஒரு தடாகம் கட்டச் சொன்னார். நீளம் 32 அடி, அகலம் 16 அடி. காசு அவருடையது, பக்கத்தில் நின்று பார்த்தது நான். முதல் தடவை ஆளைப் பிழையாகப் பிடித்துவிட்டோம்.

வந்தவர் போனில் படங்கள் காட்டினார். நீல ரைல்ஸ், நீரூற்று, இரவு வெளிச்சம். கேட்ட விலையும் மற்றவர்களைவிடக் குறைவு. பாதிக் காசை முன்பணமாக வாங்கிக்கொண்டு புரட்டாதியில் தோண்டத் தொடங்கினார். தரைக்குக் கொங்கிறீற் போட்டு, சுவர் அரைவாசி எழும்பியபோது கார்த்திகை மழை பிடித்தது. ஒருநாள் விடியப் போய்ப் பார்த்தால், தரையின் ஒரு மூலை நாலு விரல் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. வெடிப்பு வழியாகத் தெளிந்த தண்ணீர் கொப்பளித்து வருகிறது. “மழைக்கு நான் என்ன செய்ய, அக்கா?” என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவேயில்லை.

மழை மேலிருந்து பெய்ததால் வந்த சேதம் இல்லை அது. மாரியில் எங்கள் கிணற்றில் தண்ணீர் கையால் அள்ளும் உயரத்துக்கு வரும். அதே தண்ணீர் தடாகக் குழியைச் சுற்றியும் நிற்கிறது. எங்கள் தடாகத்தின் அளவுக்கு, அடித்தளத்தின் கீழிருந்து மூன்றடி உயரத்துக்கு வெளியே தண்ணீர் ஏறினாலே ஏறக்குறைய 43 தொன் பாரம் கீழிருந்து மேலே தள்ளும். வெறும் தொட்டி தோணிபோல எழும்பப் பார்க்கும். ஆகவே எங்கள் பக்கத்தில் கட்டுபவர் முதலில் இதைப் பற்றிப் பேச வேண்டும். ரைல்ஸ் நிறம் பிறகு.

இரண்டாவதாக வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். உள்ளே எட்டிப் பார்த்து, வளையத்தில் பாசி பிடித்த கோட்டைக் காட்டி, “இது எந்த மாதத்து மட்டம்?” என்று கேட்டார். அப்புறம், 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த வெள்ளத்தில் இந்த வளவில் எவ்வளவு நின்றது என்றார். முழங்காலுக்கு என்றேன். கொப்பியில் எழுதினார். எனக்கு அங்கேயே மனம் ஆறிவிட்டது. தரையில் அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் வால்வு, பக்கத்தில் மட்டம் பார்த்து இறைக்க ஒரு சிறு குழி, மாரியில் தடாகத்தை ஒருபோதும் வெறுமையாக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் நான் கேட்காமலே சொன்னார். வேலையைத் தையில் தொடங்கி ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்றதும் அவர்தான்.

நீங்கள் பிடிக்கப்போகும் ஆள் முன்பு கட்டிய தடாகம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். குறைந்தது இரண்டு மாரி கண்டதாக இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள்: கிழமைக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்? சந்தேகம் இருந்தால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தடாகத்தின் படியில் வைத்து, உள்ளும் வெளியும் மட்டத்தைக் குறியுங்கள். ஒருநாள் கழித்து வாளியைவிடத் தடாகத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர் இல்லை, கசிவு.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணி என்றாலும் அந்தத் தேடல் மேல்மண் அளவில்தான் நடந்திருக்கும். தடாகத்துக்கு ஆறடி, ஏழடி தோண்டுகிறோம். இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். “எடுத்து ஓரமாக வைப்போம்” என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். மெசினை நிறுத்தி, ஆட்களை விலக்கி, தொடாமல் பொலிஸின் 119க்கு அறிவிப்போம் என்பதுதான் சரியான பதில். உங்கள் வளவில் வேலைக்கு நிற்கப்போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

பதிவுச் சான்றிதழும் பாருங்கள். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை, ஆட்கள் சிடா என்பார்கள், அவர்கள் கொடுப்பது. செல்லுபடித் திகதியையும் தரத்தையும் வாசியுங்கள். பிரதேச சபை அனுமதிக்கு வரைபடம் யார் கொடுப்பது என்பதையும் முதலே பேசிவிடுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை சில. கம்பியின் தடிப்பும் இடைவெளியும், கம்பிக்கு வெளியே இரண்டு இஞ்சி கொங்கிறீற் மூடல், தரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பட்டி (வோட்டர் பார்). மணல் எங்கிருந்து வருகிறது என்றும் எழுதுவியுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்க உப்பு மணல் வந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும். கொங்கிறீற் போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு. ரைல்ஸ் ஒட்டும் முன் தடாகத்தை நிரப்பி ஒரு கிழமை விட்டுப் பார்க்க வேண்டும். ரைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவைத் தேடுவது வைக்கோல் போருக்குள் ஊசி தேடுவதுதான். மோட்டருக்கும் விளக்குக்கும் ட்ரிப் சுவிட்ச், சுற்றிவரப் பிள்ளைகள் ஏற முடியாத வேலி, பூட்டும் கதவு: இவற்றை விலைக்குள் சேர்க்காதவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

காசைப் பற்றி: நாங்கள் இரண்டாம் முறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்கவில்லை. தோண்டி முடிய, தரை முடிய, சுவர் முடிய, தண்ணீர்ச் சோதனை முடிய என்று பிரித்துக் கொடுத்தோம். கடைசிப் பத்து வீதத்தைப் பிடித்து வைத்தோம். அவர் அதற்கு முகம் சுளிக்கவில்லை. அந்த மாரிக்குள் இரண்டு தடவை தானாகவே வந்து குழியில் மட்டம் பார்த்துப் போனார். தை பிறந்து, கிணறு இறங்கத் தொடங்கிய பிறகு, தரை அசையவில்லை என்று கண்ணால் பார்த்துத்தான் அந்த மிச்சத்தைக் கையில் கொடுத்தேன்.