மீல்வார்ம் டப்பாவில் மைட் வராமல் காப்பது எப்படி?

தொட்டியில் இருக்கும் ஆஸ்கார் மீனுக்குத் தீனியாக மீல்வார்ம் என்ற வண்டுப் புழுவை வளர்க்கத் தொடங்கிய முதல் மழைக்காலம். உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டு மூடிவிட்டு நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் டப்பாவின் உள்சுவர் முழுக்கப் பழுப்புத் தூசி. விரலால் துடைக்கப் போனேன், தூசி ஊர்ந்தது.

அது தானிய மைட், உண்ணி இனத்தைச் சேர்ந்த பொடி உயிர். ஒன்றின் நீளம் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தானிய மூட்டை, தவிடு, தீவனம் என்று எங்கேயும் வரும். ஆனால் ஈரம் இல்லாமல் அதால் பெருக முடியாது. மீல்வார்ம் புழுவோ காய்ந்த தவிட்டிலும் பிழைத்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் எதற்கென்று புரியும்.

படி 1: தவிடு. கோதுமைத் தவிட்டை வாங்கியதும் டப்பாவில் கொட்டாதீர்கள். காற்றுப் புகாத கவரில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பிரிக்கவும் கூடாது. குளிர்ந்த தவிட்டில் வெளிக்காற்று பட்டால் வியர்த்துவிடும், நாமே ஈரம் சேர்த்ததாகிவிடும். ஒரு ராத்திரி அப்படியே கிடந்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். ஃப்ரீசரில் இடமில்லையென்றால் அடிகனமான வாணலியில் சிறுதீயில், கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். மாவு வண்டும் அந்துப்பூச்சி முட்டையும் இதிலேயே ஒழியும்.

படி 2: டப்பா. உயரத்தைவிட அகலம் முக்கியம். தவிடு இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மூடியின் நடுவைப் பெரிதாக வெட்டி மெல்லிய பருத்தித் துணியை ஒட்டுங்கள். அந்துப்பூச்சியைத் தடுக்கும், காற்றும் ஓடும். மைட் துணி வழியாக நுழைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அதற்குப் பயந்து இறுக்கி மூடினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து மைட்டுக்கே வசதியாகிவிடும். ஸ்டாண்டின் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்புத் தொல்லையும் இருக்காது.

படி 3: ஈரம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கேரட்டை வெட்டி, வெட்டிய பக்கம் உலரும்வரை காற்றாட வைத்து, ஒரு சின்ன அட்டைமேல் வையுங்கள். தவிட்டில் நேரடியாகப் பட வேண்டாம். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மாதிரி கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது ஒரு முறைக்குப் பாதித் துண்டு போடுங்கள். தவிடு எங்காவது கட்டி தட்டியிருந்தால் அந்தக் கட்டியோடு அள்ளி எறியுங்கள்.

படி 4: புதுப் புழு. கடையிலிருந்து வந்த தவிடு ஒரு சிட்டிகைகூட உங்கள் டப்பாவுக்குள் போகக் கூடாது. புழுக்களைச் சலித்து எடுத்து, வேறு அறையில் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

டப்பாவின் அடியில் மணல் மாதிரி கிடப்பதைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அது புழுவின் எச்சமாகவும் இருக்கலாம். அதில் ஒரு கரண்டி எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் கூம்பாகக் குவியுங்கள். கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். எச்சம் என்றால் குவியல் அப்படியே நிற்கும். மைட் இருந்தால் கூம்பு சரிந்து பரவி, ஓரங்கள் மெல்ல நகரும். விரலிடுக்கில் தேய்த்தால் லேசாகப் புதினா வாசமும் வரும். மைட் தூசி சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் தரும், அதனால் சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வந்தே விட்டதென்றால் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். புழு சாகும், அதைத் தின்னும் மீனும் சாகலாம். கூட்டுப்புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மென்மையான தூரிகையால் துடைத்து, புதுத் தவிட்டில் வையுங்கள். வண்டுகளை மாற்ற வேண்டாம், மைட் அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். பழைய தவிட்டைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள். டப்பாவைச் சுடுதண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். புது டப்பாவில் கூட்டுப்புழு வண்டாக மாறும்வரை கேரட் தேவையே இல்லை.