ஏன் விற்கிறேன் என்று கேட்டுக்கொண்ட பிறகு

சாயல்குடிப் பக்கம் அப்பா இறக்கும் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியை வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கியபோது, நான் போட்டதெல்லாம் விலையும் 'சுத்தமானது' என்ற சொல்லும்தான். எல்லாரும் அதையேதான் போடுகிறார்கள். இரண்டு மாதம் விலையைக் குறைத்தும் பார்த்தேன். கையில் நின்ற கொஞ்ச லாபமும் போனது.

ஒருநாள் மதுரையிலிருந்து ஓர் அக்கா போனில், "ஏன் தம்பி இந்தத் தொழிலைச் செய்யிறீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. இரவெல்லாம் அதே யோசனை. பங்குனியில் தொடங்கினால் சீசன் முடியும்வரை அப்பா காலையும் மாலையும் பனை ஏறுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அம்மா அதை மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுவார். சீனி கலந்த சரக்கு மலிவாக வரும்போது இந்த உழைப்புதான் அடிபடுகிறது. பனை நம் மாநில மரம். எங்கள் தெருவிலோ அப்பாவுக்குப் பிறகு ஏற ஆளில்லை. ஏறுகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் விற்கிறேன்.

இதை நோட்டில் எழுதி வைத்தேன். அப்புறம் ஸ்டேட்டஸில் விலைக்கு முன்னால் அன்றைய வேலையைப் போட்டேன். மழையில் பதநீர் குறைந்தால் 'இன்று சரக்கு இல்லை' என்று எழுதினேன். தள்ளுபடியை நிறுத்தினேன். விலை மட்டும் கேட்டவர்கள் விலகினார்கள், "அப்பா நல்லா இருக்காரா?" என்று விசாரித்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். அந்த மதுரை அக்கா இப்போது மாதம் இரண்டு கிலோ வாங்குகிறார்.